என் உதைக்காகக் காத்திருந்த விமானி

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மனுகாவ் பகுதியைத் தாண்டித் தெற்கே போனால், குதிரைகள் மேயும் புல்வெளிகளுக்கு நடுவே ஒரு சின்ன விமானத் தளம் இருக்கிறது. அன்று அங்கிருந்து கிளம்பிய ஒரு பழைய விமானத்துக்குள் இருந்தது இரண்டே பேர். இடப்பக்கம், அறுபது வயதைத் தாண்டிய சோதனை விமானி. வலப்பக்கம் நான். கீழே, கையில் ரேடியோவோடு எங்கள் பட்டறை முதலாளி. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன். அந்த விமானத்தின் எஞ்சின் ஓடும் நாளில் அவர் வேலைக்கே வரமாட்டார். இன்னொருவர் என் அம்மா. நகரின் மேற்கே ரானுயியில் எங்கள் வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு, நான் இறங்கி போன் செய்யும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

பழைய விமானங்களைப் புதுப்பித்து மறுபடி பறக்க வைப்பதுதான் எங்கள் பட்டறையின் வேலை. இது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம். இரண்டு எஞ்சின், உடம்பு முழுக்க மரம். ஒட்டுப்பலகையும் பசையும் சேர்த்துச் செய்த ஒன்று ஒரு காலத்தில் குண்டு சுமந்து பறந்தது என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஒரு கொட்டகையில் எலும்புக்கூடாகக் கிடந்தது. மரவேலை முழுக்க அண்ணன் பொறுப்பு. ஓட்டுபவரின் கையிலிருந்து வால்வரை போகிற கம்பிகளும் இணைப்புகளும் என் பொறுப்பு. நாலு வருடம் உழைத்து, அன்றுதான் முதல் தடவையாக அதை வானத்துக்குக் கொண்டுபோகிறோம். மேலே போனதும் ஓட்டுபவர் எண்களைச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். இணைப்புகளைப் பொருத்தியவன் என்பதால் முதலாளி என்னைத் தேர்ந்தெடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா லாரி ஓட்டியவர். அம்மா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கியவர். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. சென்னையில் விமானப் பராமரிப்பு படித்து, பிறகு இங்கே வந்து மேலும் படித்து, எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகச் சான்றிதழ் வாங்கியவன் நான். அதனால் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அது ஒரு மனிதனை எப்படிக் கெடுக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அப்பா தவறிய பிறகு அம்மாவை விசிட்டர் விசாவில் அழைத்து வந்திருந்தேன். முதல் பறப்புக்கு ஆறு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்தவர்களின் குடும்பங்கள் விமானத்தை வந்து பார்க்கலாம் என்று முதலாளி சொன்னார். கேக், ஜூஸ், குழந்தைகளின் கூச்சல் என்று கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். அடியில் உள்ள சின்னத் திறப்பு வழியாக ஏணி வைத்துத்தான் ஏற முடியும். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, பாத்து ஏறுங்கோ. தலையைக் குனியுங்கோ, இடிக்கும்."

"இடிச்சா இடிக்கட்டும் தம்பி. எம்புள்ள ஒக்காரப்போற எடத்தப் பாக்காம எறங்கமாட்டேன்."

உட்காரும் இடத்துக்கு முன்னால், விமானத்தின் மூக்கில், கண்ணாடி பதித்த ஒரு சின்ன அறை உண்டு. போர்க்காலத்தில் குண்டு போடுகிறவர் குப்புறப் படுத்துக் கீழே குறிபார்த்த இடம். அதன் பக்கச் சுவரில் ஒரு மரப்பெட்டி, கதவோடு. எங்களுக்குக் கிடைத்த பழைய தாள்களின்படி, போர் முடியும் தறுவாயில் இந்த விமானத்தைச் சண்டையிலிருந்து எடுத்துச் சோதனைகளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பல வடிவங்களில் போலிக் குண்டுகளைச் செய்து கடலில் போட்டு, அவை எப்படி விழுகின்றன என்று அளந்திருக்கிறார்கள். அந்த அளவுக் கருவிக்காகச் செருகிய பெட்டி அது. கருவி எப்போதோ போய்விட்டது. பெட்டியையும் வரலாறு என்று அப்படியே விட்டு வைத்திருந்தோம். அண்ணன்தான் அதன் கதவுக்குப் புதுப் பலகை போட்டார்.

அம்மா எட்டிப் பார்த்து, "ஏய்யா, முன்னாடி அந்தப் பெட்டி எதுக்கு?" என்றார்.

வெளியே யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அது ஒண்ணுமில்லம்மா. சொன்னா உனக்குப் புரியாது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அன்று மாலை, குழந்தைகள் ஏதாவது போட்டுவிட்டார்களா என்று இருக்கைக்கு அடியிலும் தரையிலும் விளக்கடித்துத் தேடினோம். ஒரு பலூன் துண்டும் பிஸ்கட் தூளும் கிடைத்தன. பெட்டியின் கதவு மூடியிருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. விமானத்தின் வரைபடம் எதிலும் இல்லாத பெட்டி என்பதால், பறப்பதற்கு முன் சோதிக்க வேண்டியவற்றிலும் அது சேரவில்லை.

சனிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. ஓடுபாதையை விட்டுச் சக்கரம் எழும்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டுபவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். ஹுனுவா மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே எட்டாயிரம் அடிக்கு ஏறினோம். எஞ்சின் சூடு, எண்ணெய் அழுத்தம், திரும்பும்போது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடைசியாக ஒன்று பாக்கி. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்; இனித் தாங்காது என்று விமானம் மூக்கைக் கவிழ்க்கிற வேகம் எது என்று பார்க்க வேண்டும். கவிழ்ந்ததும் ஓட்டுபவர் கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை, ஸ்டிக்கை, முன்னால் தள்ளினால் வேகம் பிடிக்கும். பிறகு ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் மூக்கு நிமிரும். எல்லா விமானத்துக்கும் செய்கிற சோதனைதான்.

மூக்கு உயர்ந்தது. வேகம் குறையக் குறைய உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். மரம் என்பதால் அந்த நடுக்கம் எலும்புக்குள் இறங்குகிறது. முன்னால் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி மூக்கு கவிழ்ந்தது. கண்ணாடி முழுக்கப் பச்சை மலை. அவர் ஸ்டிக்கை முன்னால் தள்ளினார், வேகம் வந்தது, இழுத்தார்.

பாதியில் நின்றுவிட்டது.

"பின்னால் வரமாட்டேன் என்கிறது," என்றார். பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரல்.

விமானம் கீழே போய்க்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையாலும் இழுத்தார். நானும் எட்டிப் பிடித்து இழுத்தேன். ஏதோ நசுங்கியதுபோல ஸ்டிக் ஒரு விரல்கடை அளவு பின்னால் வந்து மறுபடி நின்றது. அவர் ஒரு கையை எடுத்துப் பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். ஸ்டிக்கின் பாரத்தைக் குறைப்பதற்காக வாலில் இருக்கும் ஒரு சிறு தகட்டை அது அசைக்கும். அதன் உதவியால் மூக்கு மெல்ல மெல்ல, மனசே இல்லாமல், நிமிர்ந்தது. நேராகும்போது ஐயாயிரத்துச் சொச்சம் அடியில் இருந்தோம்.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. எண்ணெய், ரப்பர், பழைய மரம் எல்லாவற்றையும் தாண்டி எலுமிச்சம்பழ வாசனை. பிழிந்த பழம்.

எங்கள் ஊரில் எந்த லாரியிலும் ஏறிப் பாருங்கள். ஓட்டுபவருக்கு முன்னால், கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்கு ஒரு சின்ன மாடம் இருக்கும். அதில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று இருக்கும். அப்பாவின் லாரியிலும் இருந்தது. வாரா வாரம் அதை மாற்றியது அம்மாதான்.

"எலுமிச்சம்பழம்," என்றேன்.

"என்ன?"

"ஸ்டிக்குக்கு அடியில் எலுமிச்சம்பழம் மாட்டியிருக்கிறது. என் அம்மா வைத்தது. பாதுகாப்புக்கு."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பைத்தியமா, பயத்தில் உளறுகிறேனா என்று கணக்குப் போட்டிருப்பார். பிறகு அவரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "சரி," என்றார். "எங்கே இருக்கும்?"

எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இணைப்பைப் பொருத்தியது என் கை. ஸ்டிக் தரைக்குக் கீழேயும் நீண்டு போகிறது. மேலே பின்னால் இழுத்தால் கீழே உள்ள முனை முன்னால் போகும். அந்த முனைக்கு முன்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி. மூக்கு உயர்ந்து நடுங்கியபோது பெட்டியின் கதவு திறந்து, பழம் பின்பக்கமாக உருண்டிருக்கிறது. ஸ்டிக்கை முன்னால் தள்ளியதும் இடைவெளி விரிந்தது; பழம் அதற்குள் விழுந்தது. இழுத்ததும் இடுக்கியில் பிடித்த மாதிரி மாட்டிக்கொண்டது.

அவர் சுருக்கமாகச் சொன்னார். சக்கரத்தை வைத்துக்கொண்டு நேராகப் பறக்கலாம். ஆனால் இறங்க முடியாது. தரையைத் தொடுகிற கடைசி நொடியில் மூக்கைத் தூக்க ஸ்டிக் முழுதாகப் பின்னால் வர வேண்டும். வராவிட்டால் மூக்கால் தரையைக் குத்துவோம். இரண்டு பேருக்கும் பாராசூட் இருக்கிறது. கடல் பக்கம் திருப்பிவிட்டுக் குதிக்கலாம், விமானம் போய்விடும். இன்னொரு வழி, மூக்கு அறைக்குள் ஒருவர் தவழ்ந்து போய்ப் பழத்தை எடுப்பது. அந்த வழி பாராசூட்டோடு தவழ முடியாத அளவுக்குக் குறுகல்.

"நான் உன்னைப் போகச் சொல்லவில்லை," என்றார். "கேட்கிறேன்."

நான் பாராசூட் வாரைக் கழற்றினேன். வீரம் ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால், குதிக்கத்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

போவதற்கு முன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடித்தால்தான் பழம் விடுபடும். தள்ளினால் விமானம் தரையை நோக்கிப் பாயும். என் கை உள்ளே இருக்கும்போது அவர் இழுத்தால் விரல்கள் நசுங்கிவிடும். காதுப் பேசியின் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது. எஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. ஆகவே, குப்புறப் படுத்த என் கால் அவர் காலோடு ஒட்டி இருக்கும். கையை வெளியே எடுத்ததும் நான் ஓர் உதை விட வேண்டும். உதை கிடைத்த பிறகுதான் இழுப்பார்.

"மூவாயிரம் அடிவரைக்கும்தான் காத்திருப்பேன்," என்றார். "அதற்குக் கீழே போனால் உன் கை உள்ளே இருந்தாலும் இழுத்துவிடுவேன். புரிகிறதா?"

புரிந்தது என்றேன்.

மூக்கு அறைக்குள் தலையை நுழைத்ததும் முதலில் தெரிந்தது கண்ணாடிக்கு அடியில் இருந்த பூமி. ஆடுகள்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. கதவு திறந்த பெட்டி தலைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு துளி விபூதி. நான் உடம்பைத் திருக்கிக் கையைப் பின்னால் நீட்டி இடைவெளியைத் தடவினேன். ஈரமாக, வழுவழுப்பாக, நசுங்கின பழம். இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு காய்க்கிற, தோல் தடித்த பெரிய பழம். எங்கள் வாடகை வீட்டுப் பின்பக்க மரத்தில் பறித்ததுதான்.

விமானம் கவிழ்ந்தது. இடைவெளி விரிந்தது, கையை விட்டுப் பிடுங்கினேன். பாதிப் பழம் கூழாக வந்தது. உதைத்தேன். மூக்கு நிமிர்ந்தது. ஆனால் முழுதாக நிமிரவில்லை என்பதை என் உடம்பே சொன்னது. இன்னும் ஏதோ இருக்கிறது.

அவர் சக்கரத்தைச் சுற்றி, கொஞ்சம் உயரம் பிடித்துக்கொண்டு, மறுபடி தள்ளினார். இரண்டாம் தடவை கையை விட்டபோது துணி தட்டுப்பட்டது. பழத்தை அம்மா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். அந்த முடிச்சு ஒரு போல்ட்டின் தலையில் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வரவில்லை. கண்ணாடியில் பூமி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆடுகள் இப்போது புள்ளிகளாக இல்லை, ஆடுகளாகவே இருந்தன. ஒரு சிவப்புக் கூரை, அதற்குப் பக்கத்தில் துணி காயும் கொடி. முடிச்சை நகத்தால் கீறினேன். "ஆத்தா, ஆத்தா" என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. மூவாயிரம் அடி எப்போதோ தாண்டியிருக்கும் என்று தெரிந்தது. இப்போது இழுப்பார், இதோ இழுப்பார் என்று விரல்கள் எதிர்பார்த்தன. இழுக்கவில்லை. துணி கிழிந்தது. கையை உருவி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து உதைத்தேன்.

பாறாங்கல்லைத் தூக்கி முதுகில் வைத்தமாதிரி ஒரு பாரம். கன்னம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பூமி வழுக்கிக்கொண்டு பின்னால் போய், கடல் வந்து, கடைசியில் வெறும் வானம் வந்தது.

திரும்பித் தவழ்ந்து இருக்கைக்கு வந்து காதுப் பேசியை மாட்டினேன். அவர் ஸ்டிக்கை முன்னாலும் பின்னாலும் முழுதாக அசைத்துக் காட்டினார். "கால் எலும்பை உடைத்துவிட்டாய் என்று நினைக்கிறேன்," என்றார். பிறகு இறங்கும்வரை எண்களையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தரையில் எஞ்சின் நின்றது. முதலாளி ஏணியோடு ஓடி வந்தார். அந்தச் சில நொடிகளில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துணி என் பாக்கெட்டில் இருந்தது. ஓட்டுபவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராக எதுவும் சொல்லவில்லை. என் விசா இந்த வேலையோடு கட்டியது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு திருகு காணாமல் போனாலும் கொட்டகையையே நிறுத்திவிட்டுத் தேடுவோம். மறைத்தவனுக்கு மறுநாள் அங்கே இடமில்லை. அது எனக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. குங்குமக் கறையோடு இருந்த கிழிந்த துணியை எடுத்து முதலாளியின் கையில் வைத்தேன். "என் அம்மா," என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

அவர் துணியை விரித்துப் பார்த்தார். "விமானத் துறை அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்," என்றார். "உள்ளபடியே எழுதுவோம். நீ முதலில் வீட்டுக்கு போன் பண்ணு."

ஓட்டுபவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. விமானத்தின் உயரத்தைப் பதிகிற கருவியைப் பார்த்திருந்தேன். இரண்டாம் தடவை நாங்கள் இரண்டாயிரம் அடிக்குப் பக்கம்வரை இறங்கியிருக்கிறோம். "மூவாயிரத்தில் இழுத்துவிடுவேன் என்று சொன்னீர்களே?"

அவர் பேன்ட்டைத் தூக்கிக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "உன் கால் என் கால்மேல் அசைந்துகொண்டே இருந்தது. அசைகிறவரை நீ வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்," என்றார். "இன்னும் எவ்வளவு தூரம் காத்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. எனக்கே தெரியாது."

மதியம் செய்தி கேட்டு அண்ணன் ஓடி வந்தார். நேராக முதலாளியிடம் போய், ஏணியைப் பிடித்தது தான்தான் என்றார். அம்மா பழம் வைத்ததைக் கண்டதாகவும் சொன்னார்.

"கண்டும் ஏன் அண்ணே சொல்லல?" என்றேன் வெளியே வந்த பிறகு.

"தம்பி, உண்மையா எனக்கு அது ஒரு புதினமாத் தெரியேல்லை. எங்கட ஊர் பஸ்ஸிலயும் இருக்கும்தானே. அம்மா முன்னுக்குத் தவண்டு போய் வைக்கேக்க நான் ஏணியில ஏறிக் கண்டனான். அவ இறங்கினாப் பிறகு நானும் உள்ள போய்க் கும்பிட்டுப்போட்டு, நல்லா இருக்கட்டும் எண்டு கதவை வடிவாச் சாத்திவிட்டனான்." விமானத்தைக் கையால் காட்டினார். "சின்ன வயசில இப்பிடியானது குண்டு போட மேல வந்தா பங்கர்க் குழிக்குள்ள ஓடுறது. அப்ப என்ர அம்மாவும் இதைத்தான் செய்தவ. நேர்த்தி வைக்கிறது. இப்ப நானே ஒண்டைச் செய்து, அதுக்கும் நேர்த்தி வைச்சிருக்கிறன். விசர் வேலை."

வீட்டுக்குப் போனேன். ரயிலிலிருந்து இறங்கி நடக்கும்போது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் கதவைத் திறந்ததும் அம்மா என் கையைப் பார்த்துவிட்டார். நகம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது.

"என்னய்யா ஆச்சு?"

"ஸ்டிக் கொஞ்சம் மாட்டிக்கிச்சும்மா. சரியாயிருச்சு."

அம்மா இரண்டு கையையும் கூப்பினார். "நான் வச்ச பழந்தான்யா காப்பாத்துச்சு. அத எடுத்துப் பாத்தியா? கருகியிருந்துச்சா? கருகியிருந்தா கண்ணு பட்டத எடுத்துருச்சுன்னு அர்த்தம்."

மறைத்திருக்கலாம். அந்த நம்பிக்கையோடு அவர் ஊருக்குப் போயிருப்பார். ஆனால் அடுத்த தடவையும் வைப்பார். நான் எதிரே உட்கார்ந்து, ஒரு கரண்டியையும் மேசைமேல் இருந்த பழத்தையும் வைத்து, எப்படி மாட்டியது, எப்படி இறங்கினோம், நான் எங்கே தவழ்ந்தேன், அந்த மனிதர் எதற்காகக் காத்திருந்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கரண்டியைத் தானே எடுத்து, தானே தள்ளிப் பார்த்தார். பழத்தில் இடித்துக் கரண்டி நின்றது.

"அந்தப் பெட்டி எதுக்குன்னு ஒங்கிட்டத்தான கேட்டேன்," என்றார் கடைசியில். கோபம் இல்லை. "சொன்னா உனக்குப் புரியாதுன்னுட்டுப் போயிட்ட. முன்னாடி, கதவு வச்சு, காலியா இருந்துச்சு. லாரில சாமிக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்காக, பாவம் வெள்ளக்காரங்களுக்கு என்ன வைக்கணும்னு தெரியல போலன்னு நெனச்சேன். எனக்குப் புரிஞ்ச மாதிரி நான் வச்சேன்."

நான் கரண்டியையும் பழத்தையும் எடுத்து உள்ளே வைத்தேன்.

இரவு அம்மா சாப்பிடவில்லை. "அந்த மனுசனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல," என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். அடுத்த வாரம் தன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஓட்டுபவரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கூச்சத்தில் சிவந்து, சிரித்துக்கொண்டே, "உன் அம்மாவிடம் சொல், நான் பறந்ததிலேயே வாசனையான விமானம் இதுதான்," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. "சிரிக்கிற விசயமா இதுன்னு அவருகிட்டச் சொல்லு," என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து, "இல்லை அம்மா," என்றார். அந்த 'அம்மா'வை மட்டும் தமிழில் சொன்னார், என்னிடமிருந்து கற்றிருப்பார்.

என் வேலை போகவில்லை. உள்ளபடியே எழுதி அனுப்பினோம். விமானத்தின் சொந்தக்காரர் மட்டும் குடும்பங்களை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டார். அண்ணனின் பிள்ளைகள் அதற்குப் பிறகு அந்த விமானத்தை வேலிக்கு வெளியிலிருந்துதான் பார்த்தார்கள்.

எவ்வளவு செலவாயிற்று என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி பட்டறைக் கணக்கிலேயே கட்டிவிட்டார். என்னிடம் ஒரு டாலர் கேட்கவில்லை. நான் வற்புறுத்திக் கேட்டபிறகுதான் தொகையைச் சொன்னார். வழக்கம்போல, 'அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பழச்சாறு பட்டால் பசையும் கம்பியும் கெடும் என்று தரைப்பலகையைக் கழற்றியது எவ்வளவு. இணைப்பை வெளியாள் ஒருவர் வந்து சோதித்தது எவ்வளவு. அந்தச் சோதனை எதற்கு, அவர் எதைப் பார்ப்பார். மறுபடி பறக்க எரிபொருள், ஓட்டுபவரின் கூலி, இன்சூரன்ஸ். அம்மா ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி கேட்டார். சில கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. மறுநாள் விசாரித்து வந்து சொன்னேன். நாலு வருடமாக நான் செய்துவந்த வேலையை, என்னைப் படிக்க வைத்தவருக்கு நான் முதன்முதலாகச் சொன்னது அந்தக் கணக்கைச் சொன்ன மாலையில்தான். அப்படி ஒரு மாலை எங்களுக்கு வாய்ப்பதற்கு ஆன மொத்தச் செலவு, பதினோராயிரத்து அறுநூறு டாலர்.